புல்லட் எஞ்சினில் ஆயில் குறைவு

புல்லட், ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிர்வாகத்திலிருந்து 1954 நவம்பர் 1-இல் விடுபட்டது. அடுத்த ஆண்டே சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கியது. ரெட்டிச்சில் உற்பத்தி நின்ற பின்னும், வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய எஞ்சின் 2010-ஐ ஒட்டிய காலம்வரை இங்கே பெரிய மாற்றமின்றி நீடித்தது. புதுச்சேரித் தெருக்களில் அவ்வகை வண்டிகளை இன்றும் காணலாம்.

ஆயில் குடிக்கிறது என்பது இவற்றின் மீதுள்ள பழைய புகார். ஆனால் குறைந்த ஆயில் எல்லாம் எரிந்த ஆயில் அல்ல. இதில் ஆயில் அறை, கிராங்க் சுழலும் அறையோடு ஒரே வார்ப்பில் அமைந்தது. வண்டி பல நாள் நின்றால் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் அறையில் தேங்கும். டிப் ஸ்டிக் குறைவாகக் காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றினால், மிகுதி ப்ரீதர் குழாய் வழியே வெளியேறும், கிளப்பும்போது புகையும் வரும். வீணாக ரீபோர் செய்யும் செலவு தொடங்குவது இங்கேதான்.

வண்டியைச் சில கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தியதும் அளக்க வேண்டும். ஆயிலைத் திருப்பி அனுப்பும் பம்ப்பின் திறன் அதிகம். தேங்கியது அறைக்குத் திரும்பிவிடும். அப்படி அளந்தும் ஆயில் குறைந்துகொண்டே போய், பாரம் இழுக்கையில் நீலப் புகை தொடர்ந்தால், பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை மூடித் திறக்கும்போது மட்டும் புகைந்தால் பெரும்பாலும் வால்வு கைடு. அதற்கு ஹெட்டைக் கழற்றினால் போதும்.