கடக்நாத்: குறியீடு பெற்ற கருமை

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா வட்டாரத்தில் பில், பிலாலா பழங்குடியினர் தலைமுறைகளாகப் பேணிவந்த கோழியினம் கடக்நாத். 'காலிமாசி', அதாவது கருந்தசை, என்பது அதன் வழக்குப்பெயர். இறகு நிறத்தால் இவ்வினம் கருங்கருப்பு, வரிக்கோலம், பொன் என மூவகைப்படும். இறகு வேறுபடினும் தோலிலும் தசையிலும் கருமை மாறுவதில்லை. மரபணுத்தொகுதியின் ஒரு பகுதி இரட்டித்ததே அதற்குக் காரணம். முட்டையோ கருப்பன்று, வெளிர்பழுப்பு. உடலைக் கருப்பாக்குவது மெலனின்; ஓட்டுக்குப் பழுப்பேற்றுவது புரோட்டோபார்ஃபிரின் என்னும் வேறொரு நிறமி. ஆகவே 'கடக்நாத்தின் கருப்பு முட்டை' எனப் பரவும் படங்கள் பொய்யானவை.

2018-இல் புவிசார் குறியீடு பெற்றதும் 'கருங்கோழி இறைச்சி' என்னும் பண்டமே. இறைச்சியின் கருமைக்குச் சட்டத்தில் பெயருண்டு. மூவகை இறகையும் காத்துவந்த வளர்ப்பறிவுக்கு அதில் தனிப்பெயர் இல்லை.