அழிவதற்கென இடப்படும் படலம்: மோட்டார் வாகன மேற்பூச்சின் வரலாறு

ஒரு மோட்டார் காரின் புறத்தோற்றமாகக் கண்ணுக்குப் புலப்படும் நிறம், எஃகுத் தகட்டின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பட்ட பல பூச்சுகளின் கூட்டு விளைவாகும். அப்பூச்சுகள் அனைத்தையும் சேர்த்தாலும் அவற்றின் தடிமன் பெரும்பாலும் 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர் வரையே இருக்கும். இந்த மெல்லிய தோலைக் காப்பதற்கோ அதன் தோற்றத்தை மாற்றுவதற்கோ இன்று மெழுகு, செராமிக் பூச்சு, நிறமற்ற பாதுகாப்புப் படலம், வண்ண வினைல் படலம், முழு மறுபூச்சு எனப் பல வழிகள் வாகன உரிமையாளர்முன் வைக்கப்படுகின்றன. இவற்றுள் எதைத் தேர்வது என்பது பொதுவாக விலையும் பளபளப்பும் சார்ந்த வினாவாகவே கருதப்படுகிறது. ஆயினும் குதிரை பூட்டிய கோச்சு வண்டிகளின் காலம்தொட்டு இத்தொழிலின் போக்கை நோக்கும்போது, அதன் அடியில் வேறொரு வினா இடையறாது நிலவிவந்துள்ளமை தெளிவாகும்: வெயிலுக்கும் மழைக்கும் கல்லுக்கும் புழுதிக்கும் எந்தப் படலத்தைப் பலியாகக் கொடுப்பது, எந்தப் படலத்தைக் காத்துக்கொள்வது என்பதே அவ்வினா.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோச்சு வண்டிப் பட்டறைகளில் வண்ணம் பூசுதல் ஒரு தனிக் கலையாகவே மதிக்கப்பட்டது. மரச்சட்டத்தின்மேல் ஈய வெள்ளை கலந்த அடிப்பூச்சு இடப்பட்டு, மேடுபள்ளங்கள் பட்டி வைத்து நிரப்பப்பட்டு, நுரைக்கல்லும் தண்ணீரும் கொண்டு பலமுறை தேய்த்துச் சமன்படுத்தப்பட்ட பின்னரே நிறப்பூச்சு இடப்பட்டது; அதன்மேல் வார்னிஷ் பல அடுக்குகளாகப் பூசப்பட்டது. வார்னிஷ் என்பது குங்கிலியம் போன்ற மரப்பிசின்களை ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சிச் செய்யப்பட்ட தெளிந்த பூச்சாகும். இந்த எண்ணெய் நீரைப் போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டு இறுகும் இயல்புடையது. ஆகவே ஒவ்வோர் அடுக்கும் காய்வதற்கு நாட்கள் தேவைப்பட்டன, ஒரு வண்டி முழுமைபெற வாரக்கணக்கில் ஆயிற்று, அதுவரையில் தூசி படாத அறையில் அதனைக் காத்திருக்க வைக்க வேண்டியிருந்தது. 1840-இல் சென்னையில் கோச்சு வண்டி கட்டும் நிறுவனமாகத் தொடங்கிய சிம்சன் கம்பெனி, பின்னர் மோட்டார் வாகனத் தொழிலுக்கு வந்ததைப் போலவே, உலகின் பல நகரங்களிலும் கோச்சுப் பட்டறைகளே முதல் கார்களுக்கு உடல் கட்டித் தந்தன. அவற்றின் வண்ணமுறையும் கார்களுக்கு அப்படியே வந்துசேர்ந்தது.

அம்முறையில் வார்னிஷுக்கு இருந்த இடம் கூர்ந்து நோக்கத்தக்கது. அது நிறத்திற்கு ஆழமும் ஒளியும் தந்தது. அதே வேளையில் முதலில் கெடுவதும் அதுவாகவே இருந்தது. வெயிலில் மஞ்சளித்து, மயிரிழை வெடிப்புகள் கண்டு, குதிரை லாயத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவியாலும் அது மங்கியதால், வசதி படைத்தோர் தங்கள் வண்டிகளை ஆண்டுதோறும் பட்டறைக்கு அனுப்பிப் பழைய வார்னிஷைத் தேய்த்தெடுத்துப் புதிதாகப் பூசச் செய்தனர். நிறம் அடியில் நின்றது. மேல்படலம் தேய்ந்து போவதற்கென்றே இடப்பட்டது. காக்கப்படும் படலம், கைவிடப்படும் படலம் என்னும் இந்தப் பாகுபாடே பிற்கால வளர்ச்சிகள் அனைத்தையும் விளங்கிக்கொள்வதற்கான திறவுகோலாகும்.

பேரளவு உற்பத்தி தொடங்கியபோது இந்த நிதானமான முறை தாக்குப்பிடிக்க இயலாமற் போயிற்று. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் கார்கள் வெளிவரும் தொழிற்சாலையில், ஒவ்வொன்றும் வாரக்கணக்கில் உலர்ந்துகொண்டிருக்க இடமும் இல்லை, காலமும் இல்லை. 1908-இல் அறிமுகமான ஃபோர்டு மாடல் டி, தொடக்கத்தில் பல நிறங்களில் விற்கப்பட்டாலும் 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தமைக்கு இந்நெருக்கடியே பின்னணியாகும். அக்காலக் கறுப்புப் பூச்சுகளில் நிலக்கீல் வகைப் பொருள் கலந்திருந்தது. உலையில் சுட்டு இறுகச்செய்தபோது அது நீடித்த உழைப்பைத் தந்ததுடன் விலையும் மலிவாக இருந்தது. ஆனால் நிலக்கீலே கருமையாதலால் வேறு நிறம் அதில் கைகூடவில்லை. இவ்வாறு உறுதிக்காக நிறம் விட்டுக்கொடுக்கப்பட்டது.

இவ்விரண்டையும் இணைத்த மாற்றம் வெடிமருந்துத் தொழிலிலிருந்து வந்தது என்பது இவ்வரலாற்றின் வியப்புக்குரிய திருப்பமாகும். பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துப் பெறப்படும் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருள், முதல் உலகப் போரில் புகையற்ற வெடிமருந்தாகப் பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்டது. போர் முடிந்தபின் அதற்குப் புதிய பயன்களைத் தேடிய டூபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர்கள், அதன் கரைசலை நிறப்பொடி மிகுதியாகச் சேர்த்தும் எளிதில் தெளிக்கத்தக்க இளகிய பதத்திற்குக் கொண்டுவரும் வழியை 1920-ஆம் ஆண்டையொட்டிக் கண்டறிந்தனர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் இணைந்து செம்மைப்படுத்தப்பட்ட இப்பூச்சு ‘டூகோ’ என்னும் பெயருடன், 1924-ஆம் ஆண்டு மாதிரியான ஓக்லண்ட் கார்களில் நீல நிறமாக வெளிவந்தது. எண்ணெய் வார்னிஷ் ஆக்சிஜனுக்காகக் காத்திருந்தது. டூகோவோ கரைப்பான் ஆவியான அளவிலேயே உலர்ந்தது. எனவே வாரக்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கிற்று. தூரிகை இழுப்பதற்குள் காய்ந்துவிடும் பூச்சாதலால், காற்றழுத்தத்தால் இயங்கும் தெளிப்பான் இதனுடன் பிரிக்க முடியாததாயிற்று. மரச்சாமான்களின்மேல் தெளித்து ஏற்றப்படும் வழவழப்பான பூச்சைத் தமிழகத்துத் தச்சர்கள் இன்றும் ‘டூகோ பெயின்ட்’ என்றே குறிப்பிடுவது அந்தக் காலத்தின் எச்சமாகும்.

நிறம் மலிவானதும் அது வணிகத்தின் கருவியாயிற்று. 1927-இல் ஜெனரல் மோட்டார்ஸ், கலைக்கும் வண்ணத்துக்கும் எனத் தனிப்பிரிவொன்றை ஹார்லி ஏர்ல் என்பவரின் தலைமையில் நிறுவியது. அதற்குச் சற்று முன்பே ஒரே காரில் இரு நிறங்கள் பூசும் வழக்கம் பரவியபோது, ஒரு நிறத்தின் எல்லையை மறைத்து மற்றதைத் தெளிப்பது பட்டறைகளுக்குப் பெருஞ்சிக்கலாயிற்று. அதுவரை பயன்பட்ட ஒட்டுநாடாவும் பசைபூசிய காகிதமும் உரிக்கும்போது புதிய பூச்சையும் சேர்த்துப் பெயர்த்தன. அமெரிக்காவின் செயின்ட் பால் நகரப் பட்டறையொன்றில் இவ்வில்லங்கத்தைக் கண்ட ரிச்சர்டு ட்ரூ, உப்புத்தாள் தயாரித்துவந்த 3எம் நிறுவனத்தின் ஊழியராவார். அவர் 1925-இல் உருவாக்கிய மறைப்பு நாடா, இறுகப் பற்றவும் வேண்டும், சுவடின்றி விலகவும் வேண்டும் என்னும் முரண்பட்ட இரு தேவைகளையும் நிறைவு செய்தது. வண்ணத்தைப் பூசுவதற்குத் துணையாகப் பிறந்த இந்த நுட்பமே பல பதிற்றாண்டுகள் கழித்து வண்ணத்துக்கு மாற்றாகவும் காப்பாகவும் வரவிருந்த படலங்களின் அடிப்படைச் சிக்கலை முன்கூட்டியே தீர்க்கத் தொடங்கியிருந்தது.

நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுக்கும் குறை இருந்தது. வெயில்பட்டு அதன் மேற்புறம் வெளிறி மங்கியதால், அதனைத் தேய்த்து மெருகேற்றி மேலே மெழுகிடுவது உரிமையாளரின் கடமையாயிற்று. பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் கார்னௌபா பனையின் ஓலையிலிருந்து கிடைக்கும் மெழுகு, தாவர மெழுகுகளுள் மிகக் கடினமான வகையைச் சேர்ந்தது. 80 பாகை செல்சியசைக் கடந்தே உருகுவது. மோட்டார் மெருகுகளில் அது சிறப்பிடம் பெற்றது. ஆண்டுக்கொரு முறை வார்னிஷ் இட்ட வழக்கத்தின் இடத்தைச் சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ ஒருமுறை மெழுகிடும் வழக்கம் இவ்வாறு பிடித்துக்கொண்டது.

பூச்சுக்கு மாற்றாக உறை போர்த்தும் முயற்சியும் புதியதன்று. 1920-களில் சார்லஸ் வேமன் என்பவரின் முறைப்படி, மெல்லிய மரச்சட்டத்தின்மேல் தோல் போன்ற பூச்சுத்துணியைப் போர்த்திய கார்கள் ஐரோப்பாவில் விரும்பப்பட்டன. அவை எடை குறைந்தவை, ஓசையற்றவை. வார்னிஷுக்கெனக் காத்திருக்கும் நாட்களும் அவற்றுக்குத் தேவைப்படவில்லை. ஆயினும் துணி நாளடைவில் பழுதடைந்ததாலும், முழு எஃகு உடல்கள் பரவியதாலும் அம்முறை அடுத்த பதிற்றாண்டில் மறைந்தது. 1960-களிலும் 70-களிலும் அமெரிக்கக் கார்களின் கூரைமேல் வினைல் துணி ஒட்டுவது பெருவழக்காக இருந்தபோது, அதன் ஓரங்களில் புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, கண்ணுக்குத் தெரியாமலேயே தகட்டைத் துருவாக்கிற்று. உறை தன்னளவில் காவலாகாது என்பதையும், அது மேற்பரப்புடன் இடைவெளியின்றிப் பொருந்தினாலன்றிக் கேடே விளையும் என்பதையும் இவ்வனுபவம் கற்பித்தது.

அலுமினியத் துகள் கலந்த மின்னும் நிறங்கள் செல்வாக்குப் பெற்றபின், அத்துகள்களைக் காக்க அவற்றின்மேல் நிறமற்ற தெளிபூச்சு இடும் இரட்டைமுறை 1980-களில் பரவலாயிற்று. இதன்வழி, நிறம் வேறு, காப்பு வேறு என்னும் கோச்சு வண்டிக் காலப் பாகுபாடு தொழிற்சாலைக்குள் மீண்டும் நுழைந்தது. ஆனால் பழைய வார்னிஷைப்போல ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதற்காக இத்தெளிபூச்சு அமையவில்லை. அதன் தடிமன் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கிற்கு மிகாதது. கீறலைப் போக்க மெருகேற்றும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு சிறு பங்கு குறைகிறது. வெயிலில் இளகிய தெளிபூச்சின்மேல் விழுந்து காயும் பறவை எச்சம் நிலையான தடத்தைப் பதித்துவிடுகிறது. பலியாக வேண்டிய படலம் மாற்ற முடியாத படலமாகிவிட்டபோது, அதற்கும் மேலே மற்றொன்று தேவைப்பட்டது.

அத்தேவையை நிறைவு செய்த நிறமற்ற படலம் போர்க்களத்திலிருந்து வந்தது. வியட்நாம் போரின்போது ஹெலிகாப்டர் சுழலிறக்கைகளின் முன்விளிம்புகளை மணலும் சிதறல்களும் அரித்ததைத் தடுக்க, நெகிழ்ந்து அடியைத் தாங்கும் பாலியூரித்தேன் என்னும் பொருளாலான ஒட்டுப்படலத்தை 3எம் நிறுவனம் உருவாக்கியது. பின்னர் அது பந்தயக் கார்களுக்கும், 1990-களில் பொதுச் சாலை வாகனங்களின் முன்புறத்துக்கும் வந்தது. தொடக்கப் படலங்கள் வெயிலில் மஞ்சளித்தன. வார்னிஷின் பழைய நோய் அவற்றிலும் தொடர்ந்தது எனலாம். இன்றைய படலங்கள் ஏறத்தாழ 150 முதல் 200 மைக்ரான் தடிமன் உடையவை, அதாவது தாம் காக்கும் பூச்சு முழுவதையும்விடத் தடித்தவை. அவற்றின் மேலடுக்கு வெப்பம்பட்டதும் பழைய வடிவத்துக்கு மீளும் இயல்புடையதாதலால் மெல்லிய கீறல்கள் தாமே மறைகின்றன.

வண்ணப் படலத்தின் வளர்ச்சியை விளக்கச் செருமனியின் டாக்சிகள் தக்க சான்றாகும். அங்கு 1970-களின் தொடக்கம் முதல் டாக்சிகள் இளந்தந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்னும் விதி நிலவியது. ஓய்வுபெறும் டாக்சியை அந்நிறத்திலேயே வாங்கப் பிறர் தயங்கியதால், உரிமையாளர்கள் வேறு நிறக் காரை வாங்கி அதன்மேல் தந்த நிற வினைல் படலம் போர்த்தி ஓட்டினர். விற்கும் வேளையில் உரித்தெடுத்தனர். அடியிலிருந்த பூச்சு வெயிலும் புழுதியும் காணாமல் இருந்ததால் புதியதாகவே வெளிப்பட்டது. தோற்றத்தை மாற்றுவதற்காக இடப்பட்டது காப்பாகவும் பயன்பட்டது. வினைல் படலங்களிலும் இருவகை உண்டு. சூடான பொருளை உருளைகளிடையே அழுத்தி இழுத்துச் செய்யப்படுவது, இழுபட்ட நினைவை விடாமல் நாளடைவில் சுருங்க முயல்கிறது. கரைசலாக வார்த்து உலர்த்தப்படுவதோ அத்தகைய இழுவிசை இன்றி வளைவுகளில் அமைதியாகப் பொருந்தி நிற்கிறது. முழுக் காரையும் போர்த்துவதற்குப் பின்னதே உகந்தது. ஒட்டுப்பசையில் காற்று வெளியேற நுண்ணிய வாய்க்கால்கள் அமைக்கப்பட்டபின், குமிழியின்றிப் போர்த்துவது எளிதாயிற்று.

செராமிக் பூச்சு எனப்படுவது இவற்றுள் இளையது. சிலிக்கான் சார்ந்த திரவமாகப் பூசப்பட்டுக் கண்ணாடி போன்று இறுகும் அது சில மைக்ரான் தடிமனுக்கு மேற்படாதது. நீரும் அழுக்கும் எளிதில் ஒட்டாதவாறு அது செய்கிறது. வேதிப்பொருள்களின் தாக்குதலை ஓரளவு தடுக்கிறது. ஆனால் தெறிக்கும் கல்லின் அடியைத் தாங்கும் பருமன் அதற்கில்லை. மரபில் அது மெழுகின் வாரிசே ஆகும். அதனைப் படலத்துக்கு நிகராகக் கருதுவது இருவேறு குடிகளை ஒன்றெனக் கொள்வதாகும்.

இவ்வரலாற்றின் ஒளியில் தேர்வின் அளவுகோல்கள் தெளிவடைகின்றன. நெடுஞ்சாலையில் கல்லடி படும் வாகனத்துக்குத் தடித்த பாலியூரித்தேன் படலமும், நிறத்தை மாற்றிப் பின்னர் மீட்க விரும்புவோர்க்கு வார்த்த வினைலும், கழுவுதலை எளிதாக்கிப் பளபளப்பைப் பேண விழைவோர்க்குச் செராமிக் பூச்சோ மெழுகோ பொருந்தும். அடியிலுள்ள பூச்சு வெடித்தோ உரிந்தோ இருப்பின் எந்தப் படலமும் அதற்கு மருந்தாகாது. உரிக்கும் நாளில் பலவீனமான மறுபூச்சு படலத்துடனேயே பெயர்ந்து வரக்கூடும் என்பதால், ட்ரூ எதிர்கொண்ட சிக்கல் இன்றும் முற்றிலும் நீங்கிவிடவில்லை. இந்தியாவில் வாகனத்தின் நிறம் பதிவுச் சான்றிதழில் இடம்பெறுவதால், நிறமாற்றத்தைப் பதிவு அலுவலகத்தில் தெரிவிப்பதும் தேர்வின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட வேண்டும்.

கோச்சு வண்டியின் வார்னிஷைத் தேய்த்தெடுத்துப் புதிதாகப் பூசிய பட்டறைத் தொழிலாளியும், பழுதுபட்ட படலத்தை உரித்துப் புதியதை ஒட்டும் இன்றைய தொழிலாளியும் ஒரே பணியின் இருமுனைகளில் நிற்கின்றனர். இடையில் நிகழ்ந்த வேதியியல் மாற்றங்கள் அனைத்தும் உலர்வதை விரைவுபடுத்தின, நிறங்களைப் பெருக்கின, உழைப்பை நீட்டித்தன; ஆனால் அழியாத மேற்பூச்சு ஒன்றை அவை எதுவும் தரவில்லை. எனவே சிறந்த உறை எது என்று கேட்பவர், தம் வாகனத்தில் எந்தப் படலம் தேய்ந்தால் எளிதில் மாற்றிக்கொள்ள இயலும் என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை கண்டபின் விலையும் பளபளப்பும் தத்தம் உரிய இடத்தில் தாமே அமைந்துவிடும்.