அங்கொடையிலிருந்து நெடுந்தீவு வரை: ஒரு மருந்தும் அதைக் கொடுத்த கைகளும்

"உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்போணும்" எண்டு பகிடிக்குச் சொல்லாத ஆக்கள் எங்களுக்குள்ள குறைவு. அந்தப் பகிடிக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு. 1873இல் பிரித்தானிய ஆட்சி இலங்கையில் கொண்டுவந்த சட்டம், மனநோய் வந்தவரை நீதிமன்ற விசாரணையின் வழியாக அடைத்துவைக்க இடம் கொடுத்தது. 1920களில் கொழும்புக்கு அருகே அங்கொடையில் பெரிய மனநோய் வைத்தியசாலை கட்டப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து அது ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நெடுந்தீவு, நயினாதீவு ஆக்களுக்கு அதற்கு முன்னால் ஒரு கடலும் இருந்தது. அங்கே போவதென்றால் பலருக்கு ஆண்டுக்கணக்கில் உள்ளே இருப்பதுதான்.

அந்தக் கதவைத் திறந்தது ஒரு மருந்து. 1950 டிசம்பரில் பிரான்சின் ரோன் பூலாங் கம்பனியில் குளோர்புரோமசின் உருவாக்கப்பட்டது. முதலில் அதைச் சத்திரசிகிச்சை நோயாளிகளுக்குத்தான் கொடுத்துப் பார்த்தார்கள். 1952இல் பாரிசின் செந்த் ஆன் வைத்தியசாலையில் ழான் தெலே, பியர் தெனிக்கர் என்ற இரு வைத்தியர்கள் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். குரல் கேட்குது, ஆரோ துரத்துறான் என்று தவித்தவர்களில் பலர் அமைதியடைந்தார்கள். 1958இல் பெல்ஜியத்தில் ஹலோபெரிடோல் வந்தது. இவற்றைத்தான் இன்று பழைய தலைமுறை மனநோய் மருந்துகள் என்கிறார்கள். மூளையில் டோபமைன் என்ற இரசாயனத்தின் வேலையை இவை குறைக்கின்றன.

இந்தக் கதையை வாசித்தால் வைத்தியரும் கம்பனியும்தான் தெரிவார்கள். ஆனால் நோயாளி மருந்தோடு வீட்டுக்கு வந்த பிறகு ஆர் பார்க்கிறது? கிளினிக்கில் வைத்தியர் பார்ப்பது சில நிமிடம். மிச்ச நேரமெல்லாம் பார்த்தது தாதியரும் வீட்டு ஆக்களும். இந்த மருந்தின் வரலாற்றில் பாதி அவர்களுடையது என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது.

அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? டோபமைனைத் தடுக்கிற மருந்து உடம்பின் அசைவையும் பாதிக்கும். தொடங்கி முதல் சில நாளுக்குள், முக்கியமாக இளம் ஆண்களுக்கு, கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளலாம், கண் மேலே செருகி நிற்கலாம். வீட்டில் இதைப் பார்க்கிறவர்கள் பேய் பிடிச்சிட்டுது என்று பயந்துபோவார்கள். விபரம் தெரிந்த மிஸ்ஸி இது மருந்தின் விளைவு என்று உடனே அறிவித்தால், மாற்று ஊசியால் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் சரிவரும். இன்னொன்று, ஓரிடத்தில் இருக்க முடியாமல் அங்கும் இங்கும் நடப்பது. அதை விசர் கூடிட்டுது என்று பிழையாக விளங்கி மருந்தைக் கூட்டினால் தவிப்பு இன்னும் கூடும். கை நடுக்கம், முகம் இறுகுவது, ஆண்டுகள் போக நாக்கும் வாயும் தானாக அசைவது என்று குறித்துவைக்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் குழப்பமும் சேர்ந்து வந்தால் உயிராபத்து. மருந்தை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சின்ன விசயங்களும் இருக்கு. குளோர்புரோமசின் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். படுக்கையிலிருந்து சடாரென்று எழும்பினால் தலை சுற்றி விழலாம். தோல் வெயிலைத் தாங்காது, கடும் வெக்கையில் உடம்புச் சூடும் ஏறலாம். மருந்துப் புத்தகத்தில் ஒற்றை வரியாக இருக்கிற இந்த எச்சரிக்கை, எங்கட தீவுகளில் ஒருத்தரின் தொழிலையே தொடுகிறது. கடலுக்குப் போறவரிடம் 'வெயிலில் நிற்காதே' என்று சொல்லிவிட்டு விட முடியாது. முழுக்கைச் சட்டை, தொப்பி, கூடத் தண்ணி, விடியப்புறம் போய் வெயிலுக்கு முன் திரும்புவது என்று அவரோடு இருந்து கதைக்க வேண்டும். அது தாதியின் வேலை.

1960களின் பிற்பகுதியில் நீண்டநாள் நிற்கிற ஊசி வந்தது. நாளாந்தக் குளிசைக்குப் பதிலாக, இரண்டு முதல் நாலு கிழமைக்கு ஒருக்கா. புளூபெனசின் ஊசியில் மருந்தைத் தாங்கி நிற்பது நல்லெண்ணெய். புளூபென்திக்சோலுக்குத் தேங்காயிலிருந்து எடுத்த எண்ணெய். எண்ணெயிலிருந்து மருந்து மெல்ல மெல்லக் கசியும். அதனால் ஊசியும் சிறிஞ்சும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், தசையில் ஆழமாகப் போட வேண்டும், போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது.

தீவுகளுக்கு இந்த ஊசி பெரிய உதவி. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு கால் மணித்தியாலம், நெடுந்தீவு ஒரு மணித்தியாலம். காற்றுக் கூடினால் அதுவும் இல்லை. கிளினிக் நாள் ஒன்றிரண்டு தள்ளிப்போனால் ஊசி தாங்கும். மாதக்கணக்கில் தள்ளிப்போனால் தாங்காது. எங்கட வரலாற்றில் கடலை மறித்தது காற்று மட்டுமில்லை. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் இராணுவம் தீவகத்தைப் பிடித்தபோது ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கமெல்லாம் சனம் இடம்பெயர்ந்தது. பொருளாதாரத் தடைக்காலத்தில் மருந்துக்கும் தட்டுப்பாடு. நோய்கள் கூடின காலமும் அதுதான். யாழ்ப்பாணத்தில் வேலைசெய்த மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், போர் மனங்களில் விட்ட வடுக்களைப் பற்றி 1998இலேயே ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார்.

2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கை, சிகிச்சையை அங்கொடையில் குவிக்காமல் மாவட்டங்களுக்குக் கொண்டுபோகச் சொன்னது. இண்டைக்குத் தெல்லிப்பழையிலேயே மனநல விடுதி இருக்கு. 400 கிலோமீற்றர் குறைஞ்சிட்டுது. கடைசிக் கடல் மட்டும் அப்படியே இருக்கு.

அதைத் தாண்டுறது மருந்து தானாகச் செய்கிற வேலையில்லை. உங்கட வீட்டிலோ அயலிலோ ஒருவர் இந்த மருந்து எடுத்தால், 'விறைச்சுப்போய் இருக்கிறான், மருந்தை நிப்பாட்டுவம்' என்று நீங்களே முடிவெடுக்க வேண்டாம். என்ன மாற்றம், எந்த நாளிலிருந்து என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸியிட்டக் காட்டுங்கள். கழுத்துத் திருகினாலோ காய்ச்சலோடு விறைத்தாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல், கிட்டடி வைத்தியசாலைக்கு உடனே கொண்டுபோங்கள்.