எக்காளம் யாருக்காக ஊதியது?

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், ஆங்கிலத்தார் விழாவுக்கு வழங்கும் 'ஜூபிலி' என்ற சொல்லிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்க விரும்புகிறேன். எபிரெய மொழியில் ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் 'யோபேல்' என்பதினின்றும் அச்சொல் பிறந்தது என்பர். விவிலியத்தில் லேவியராகமம் 25 ஆம் அதிகாரம் கூறும் முறைப்படி, ஐம்பதாம் ஆண்டில் நாடெங்கும் எக்காளம் ஊதப்பட வேண்டும். அவ்வோசை எழுந்ததும் அடிமைப்பட்டவன் விடுதலை பெற்று வீடு திரும்புவான். கைமாறிப்போன காணி உரிய குடும்பத்திடமே மீண்டு வரும். நிலமற்றோராய் வாழ்ந்த நம் மக்களுக்கு இதைவிட இனிய ஓசை வேறு எது? நாம் காண்பது இருபத்தைந்தாம் ஆண்டு விழாதான். பாதி எக்காளமாவது ஊதும் உரிமை நமக்குண்டு!

எக்காளம், தாரை, கொம்பு, திருச்சின்னம் எனப் பித்தளையாலும் வெண்கலத்தாலும் செம்பாலும் ஆன ஊதுகருவிகள் பல தமிழ் நாட்டில் வழங்கி வந்துள்ளன. எக்காளம் நேரானது, குழாய்த் துண்டுகளைப் பொருத்தி நீளமாக்கப்படுவது. கொம்பு வளைந்தது. திருச்சின்னம் இரட்டைக் கருவி. மெல்லிய குழல்கள் இரண்டையும் ஒருவரே வாயில் வைத்து ஊதுவார். இவற்றுள் எதிலும் விரல் வைத்து மூடித் திறக்கும் துளை கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் எழுப்பக்கூடிய ஒரு சில சுரங்களே கிடைக்கும். நாகசுரத்தில் இராகம் விரிவது போல் இவற்றில் விரியாது. ஆகவே இவை பாட்டுக்கு உரியவை ஆகாமல் அறிவிப்புக்கு உரியவை ஆயின. 'மதிக்கத்தக்க ஒருவர் வருகிறார். எழுந்து நில், வழிவிடு' என்பதே அவ்வோசையின் பொருள். செருக்கோடு ஆர்ப்பரிப்பதை 'எக்காளமிடுதல்' என்று நாம் சொல்வதும் இதனால்தான் போலும்.

அறிவிப்பு என்று ஆனபின், யாரை அறிவிப்பது என்ற வினா எழாமல் இராது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டம் தாங்கிய மன்னன் ஒருவன் கொங்கு நாட்டுக் கம்மாளர்க்கு அளித்த ஆணை கல்வெட்டாகக் கிடைத்துள்ளது. தங்கள் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே செல்லும்போது காலில் செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்பவை அவர்கள் பெற்ற உரிமைகள். இளைஞர்கள் இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். மன்னன் ஆணையிட்டால்தான் சங்கு ஊதலாம் என்றால், ஆணைக்கு முன் அது தடுக்கப்பட்டிருந்தது என்றுதானே பொருள்? தேர் செய்தவனும் கோயில் விக்கிரகம் வார்த்தவனும் அந்நிலையில் இருந்தான் என்றால், சேரியில் இருந்தவன் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? ஊரார் அனைவரின் வாழ்வையும் சாவையும் பறையறைந்து அறிவித்தவர் நம் முன்னோர். அவர்தம் வீட்டு வாழ்வை அறிவிக்கத்தான் ஓசை மறுக்கப்பட்டது.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 1931 ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது விதித்த தடைகளை, அவ்வாண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே. எச். ஹட்டன் தம் நூலில் பட்டியலிட்டுள்ளார். திருமணத்தில் வாத்தியம் கூடாது. மணமகன் குதிரையில் ஏறக்கூடாது. பல்லக்கு வேண்டுமாயின் வீட்டுக் கதவைக் கழற்றிப் பல்லக்காக்கிக் கொள்ள வேண்டும். கொங்கு மன்னன் ஒரு கூட்டத்தார்க்கு வழங்கிய உரிமைகளும் இராமநாதபுரத்தார் இன்னொரு கூட்டத்தார்க்கு மறுத்தவையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை: காதால் கேட்கும் மதிப்பும் கண்ணால் காணும் மதிப்பும்.

இனி நம் புதுவைக்கு வருவோம். துய்ப்ளெக்சின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில், யார் வந்தபோது எத்தனை பீரங்கி போட்டார்கள், எந்த வாத்தியம் முன்னே சென்றது என்பதெல்லாம் வரவு செலவுக் கணக்குப் போல் பதிவாகியுள்ளன. அக்காலத்தில் மரியாதை என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய சொத்து. துய்ப்ளெக்சே 1750 ஆம் ஆண்டில் முசாபர் சங்கிடமிருந்து ஏழாயிரம் குதிரைக்குரிய மன்சப் பட்டமும் மீன் விருதும் பெற்று மகிழ்ந்தவர். அதே நாட்குறிப்பில் 1745 அக்டோபர்ச் செய்தி ஒன்றும் உண்டு. சம்பா கோயிலுக்குள் பறையர் கிறித்தவரையும் மற்றவரையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. நம் மக்கள் திரண்டு சென்று குருவிடம் முறையிட, சுவர் இடிக்கப்பட்டது. அந்தக் கூட்டத்திற்கு முன்னே எந்தக் கொம்பும் ஊதவில்லை. எனினும் புதுவை வரலாற்றில் நான் பெருமையோடு படிக்கும் ஊர்வலம் அதுவே.

பிரெஞ்சியர் சமத்துவம் பேசியவர் எனினும் சாதியைத் தொடத் தயங்கினர். 1819 சனவரி 6 ஆம் நாள் ஆணை, இந்தியர் தத்தம் சாதி வழக்கப்படியே நீதி பெறுவர் என்று உறுதி கூறியது. 1873 இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியச் செருப்பு அணிந்து நீதிமன்றம் சென்றதற்காகத் தண்டிக்கப்பட்டார். பாரிசின் உயர் நீதிமன்றம் வரை சென்று வென்றார். அவர் வேளாளர், நம்மவர் அல்லர். ஆயினும் செருப்பு மீண்டும் வழக்காடு பொருளானதைக் காண்க! 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதி வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க வழி பிறந்தபோது, பொன்னுத்தம்பி 'லப்போர்த்' என்ற குடும்பப் பெயரோடு முன் நின்றார். அவ்வழியே சென்றவருள் கிறித்தவரும் நம் மக்களும் பலர். அவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தனர். 'சொல்தா' என்று தெருவில் மரியாதையோடு அழைக்கப்பட்டனர்.

படையில் அவர்கள் கேட்ட ஓசை 'கிளெரோன்' என்னும் பித்தளை ஊதுகொம்பின் ஓசை. நம் எக்காளத்தைப் போலவே அதற்கும் துளையில்லை, விசையில்லை. உதட்டால் வரும் சில சுரங்களே. பொழுது விடிந்ததைச் சொல்வதும், தளபதி வருவதைச் சொல்வதும், உணவு நேரத்தைச் சொல்வதும் அதுதான். செத்தவர்க்கென்றே ஓர் ஊதல் உண்டு; 1931 இல் பாரிசில், பெயரறியா வீரனின் கல்லறை முன் அது முதன்முதலாக ஒலித்தது. அந்த ஊதல், ஒரு நிமிட மௌனம், பிறகு நாட்டுப் பண் என்பது பிரெஞ்சியர் வழக்கம். முதல் உலகப் போரில் மடிந்த பிரெஞ்சிந்திய வீரர்க்காக நம் கடற்கரைச் சாலையில் 1938 இல் எழுந்த நினைவுச் சின்னத்தின் முன், சூலை 14 அன்று ஓய்வு பெற்ற சொல்தாக்கள் பதக்கம் அணிந்து நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஊரில் சாவுக்குப் பறையடித்தவரின் பேரன், தன் சாவுக்கு ஓர் அரசு ஊதும் என்ற உறுதியைப் பெற்றவன். அயலாரின் போரில் உயிரை ஈடு வைத்துப் பெற்ற உறுதி அது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

இன்று 'பேண்டு செட்' எனப்படும் குழுக்களில் ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் ஊதும் இளைஞர் பலர் நம் தெருக்களில் உள்ளனர். தோளில் சரிகைப் பட்டையும் மார்பில் பொத்தான் வரிசையும் கொண்ட அவர்கள் சட்டை, படைவீரர் உடையின் நகல்தான். முகூர்த்த நாளில் ஊரார் வீட்டு மாப்பிள்ளை முன்னே இரவெல்லாம் நடந்து ஊதுகிறார்கள். நம் வீட்டு மாப்பிள்ளை ஊர்வலம் பொதுத் தெருவில் மறிக்கப்பட்ட செய்தியை மறுநாள் நாளிதழில் படிக்கிறோம். இதனால் மனம் நொந்து, 'பறையும் வேண்டாம், பேண்டும் வேண்டாம்' என்பார் நம்மில் உண்டு. சாவுப் பறை அடிக்க மறுத்து அடிபட்டவர்களின் சினம் அதில் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆயினும் கருவி மீது எனக்குக் கோபமில்லை. கட்டாயமாக அடித்ததற்கும் கற்று ஊதுவதற்கும் வேறுபாடு உண்டு. காவல்துறையிலும் இராணுவத்திலும் வாத்தியக் குழுக்கள் உள்ளன. அவற்றில் ஊதுபவர்க்கு மாதச் சம்பளம் உண்டு. மேனாட்டுச் சுரக்குறிப்பு படிக்கத் தெரிந்த இளைஞனுக்கு அங்குத் தேர்வு எளிதாகும். காதால் கேட்டே திரைப்பாட்டை வாசிக்கும் நம் பிள்ளைகளுக்கு அதைக் கற்பிக்க, கழகத்தின் மாலை வகுப்பில் வாரம் இரு நாள் ஒதுக்கினால் போதும்.

விழாக் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். ஊர்வலத்தில் நம் தெருப் பிள்ளைகளின் பேண்டு வரட்டும். பேசிய கூலியைக் கழகம் குறையாமல் கொடுக்கட்டும். மண்டபத்தை அடைந்ததும், வழக்கம்போல் அவர்களை வாசலில் நிறுத்திவிடாமல், முன்வரிசையில் நாற்காலி போட்டு அமர்த்துங்கள். தேர்வில் வென்ற மாணவ மாணவியர் மேடையேறும்போது ஒவ்வொருவர் பெயருக்கும் ஒருமுறை ட்ரம்பெட் ஊதச் சொல்லுங்கள்.