சுட்ட சிப்பி, ஜப்பானியப் பாணி

வேகவைத்த சிப்பியை ஒற்றை ஓட்டில் இருத்தி, மயோனைஸ், மிளகாய் சாஸ், சோயா சாஸ் கலவை பூசி ஓவனில் சுடும் தொடக்க உணவு. அமெரிக்க சுஷி உணவகங்களில் பரவியது. ஜப்பானியச் சாயல் உண்டு, அவ்வளவே. ஆந்திரத்தில் இதற்குச் சிப்பி தேடினால், சித்தூர் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்துக்கோ பழவேற்காடு ஏரி இருக்கிறது. இசுசு போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் இயங்கும் ஸ்ரீசிட்டி தொழில் நகரமும் அந்த ஏரிக்குத் தொலைவில்லை.

சிப்பியை மணல் போகக் கழுவி ஆவியில் வைக்க வேண்டும். வாய் திறக்காததை எறிந்துவிட வேண்டும். பிறகு கலவை பூசி, 200 டிகிரி செல்சியஸில் 8 முதல் 10 நிமிடம், மேற்பரப்பு பொன்னிறமாகும்வரை சுட்டால் போதும். மிஞ்சினால் சதை ரப்பராகும். மேலே தூவும் மீன்முட்டைக்குப் பதில் வெங்காயத்தாள் போடலாம். சிப்பி கிடைக்காத நாளில் இறாலும் நண்டுச் சதையும் கைகொடுக்கும்.