ஒப்பந்தப் பிணக்குகள்: ஆக்லந்தில் வழக்காடாமல் தீர்வு காணும் வழிகள்

வீட்டைத் திருத்திக்கொடுக்க முன்பணம் பெற்ற ஒருவர் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டால், பணம் கொடுத்தவர் என்ன செய்வது? வழக்குத் தொடர்ந்தால், இழந்த தொகையைவிட வழக்கறிஞர் கட்டணம் அதிகமாகிவிடக்கூடும். நியூசிலாந்தின் மிகப்பெரிய நகரான ஆக்லந்தில் இதற்கு வேறு வழிகள் உள்ளன.

பிணக்குத் தீர்ப்பாயம்

இவற்றில் சாதாரண மக்களுக்கு எளிதானது, 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் பிணக்குத் தீர்ப்பாயம். மாவட்ட நீதிமன்றத்தின் ஒரு பிரிவாக இருந்தாலும், இங்கு நீதிபதி இல்லை. நடுவர் ஒருவரே விசாரிக்கிறார். தரப்பினருக்காக வழக்கறிஞர்கள் வாதாட அனுமதி இல்லை. இரு தரப்பையும் இணக்கத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று நடுவர் பார்ப்பார். முடியாவிட்டால், சட்ட நுணுக்கங்களைவிட நியாயத்துக்கு முதலிடம் கொடுத்துத் தீர்ப்பளிப்பார்.

15,000 டாலராக இருந்த கோரிக்கை வரம்பு, 2019 இல் 30,000 டாலராக உயர்த்தப்பட்டது. அதை 60,000 டாலராக்கும் முடிவை அரசாங்கம் 2025 இல் அறிவித்தது.

கட்டடப் பணிகளும் நடுத்தீர்ப்பும்

கட்டுமானப் பிணக்குகளுக்கு 2002 ஆம் ஆண்டின் கட்டுமான ஒப்பந்தச் சட்டம் தனி வழி வகுத்துள்ளது. எதிர்த்தரப்பு பதிலளிப்பதற்கான அவகாசம் முடிந்ததும், பொதுவாக 20 வேலை நாட்களுக்குள் முடிவு வழங்கப்பட வேண்டும். தாமதத்தால் சிறு ஒப்பந்தக்காரர்கள் நொடித்துப்போவதைத் தடுப்பதே இதன் நோக்கம்.

பெரிய வணிகப் பிணக்குகள் 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடுத்தீர்ப்புக்குச் செல்கின்றன. ஆனால் நுகர்வோர் ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்ட நடுத்தீர்ப்பு நிபந்தனை மட்டும் நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது. அதைப் படித்துப் புரிந்துகொண்டு ஏற்பதாக அவர் தனியாக எழுதிக்கொடுத்திருக்க வேண்டும்.

தமிழர்களுக்குப் புதிதல்ல

இலங்கையில் மத்தியஸ்த சபைகளுக்கான சட்டமும் அதே 1988 இல்தான் நிறைவேறியது. சென்னை உயர்நீதிமன்றத்தில் சமரச மையம் 2005 இல் தொடங்கப்பட்டது.

எனினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. மத்தியஸ்தத்தில் உடன்பட மறுக்கும் உரிமை இரு தரப்புக்கும் உள்ளது. ஆக்லந்துத் தீர்ப்பாயத்தின் ஆணையோ கட்டுப்படுத்தும் தன்மை கொண்டது. மாவட்ட நீதிமன்றம் மூலம் அதை நிறைவேற்றலாம். விசாரணை நியாயமற்ற முறையில் நடந்து, அது முடிவைப் பாதித்தது என்ற அடிப்படையில் மட்டுமே மேல்முறையீடு செய்ய முடியும். தீர்ப்பு தவறு என்பது மட்டும் போதாது.

எனவே முதல் விசாரணைக்கே முழுமையாகத் தயாராவது அவசியமாகிறது. வாய்மொழி உடன்பாடும் ஒப்பந்தமே என்றாலும், அதை நிரூபிப்பது கடினம். உறவினர், ஊரவர் என்ற நம்பிக்கையில் எழுத்தின்றிப் பணம் கொடுப்பவர்களுக்குப் பற்றுச்சீட்டு, குறுஞ்செய்தி, புகைப்படம் ஆகியவையே இறுதியில் சாட்சியாகின்றன.