கறுவாக் காட்டிலிருந்து கொழும்பு 7 வரை

கொழும்பு 7 என்றதும் கடல் கடந்து வாழும் நம் சகோதரிகளுக்கு நிழல் வீதிகளும் உயர்ந்த மதில்களும் நினைவுக்கு வரும். அங்குள்ள பொலிஸ் நிலையத்துக்கு இன்றும் கறுவாத்தோட்டம் என்றுதான் பெயர். தோட்டம் போய் நெடுங்காலமாயிற்று.

ஒல்லாந்தர் ஆட்சியின் பெரும்பகுதியில் கறுவா காட்டுப் பொருளாகவே இருந்தது. சலாகம சமூகத்தவர் காடேறிப் பட்டை உரித்து, விதித்த அளவைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். கண்டி மன்னனின் காடுகளை எப்போதும் நம்பியிருக்க முடியாதென்று கண்ட தேசாதிபதி ஃபால்க், 1769இல் மருதானைப் பக்கம் கறுவாவைப் பயிராக நடுவித்தார். கோட்டைக்கு வெளியே கிடந்த மணற்பாங்கான நிலம் அதற்கு உகந்ததாயிற்று. கறுவாச் செடிக்குச் சேதம் செய்தவருக்குக் கடுந்தண்டனை காத்திருந்தது.

ஆங்கிலேயரும் இந்த ஏகபோகத்தைக் கைவிட மனமின்றியே இருந்தனர். கோல்புறூக் குழுவின் சிபாரிசின்படி அது 1833இல் நீங்கியது. ஆனால் ஏற்றுமதித் தீர்வை கனத்தது. பிற நாட்டு மலிவுப் பட்டையும் போட்டிக்கு வந்தது. கறுவாவை விட அது நின்ற மண்ணுக்கு விலை கூடியது. தோட்டம் துண்டுகளாகி, கோப்பியிலும் தென்னையிலும் பொருள் சேர்த்தோர் மாளிகை கட்டினர். ஏகபோகம் முடிந்தபோது தேசாதிபதியாக இருந்தவர் ஹோர்ட்டன். அவர் பெயரிலும் அங்கே ஒரு வீதி அமைந்தது ஒரு வேடிக்கை. பார்ன்ஸ், வார்ட், கிறகரி எல்லோருக்கும் வீதி உண்டு. பட்டை உரித்தவர் ஒருவரின் பெயர் தாங்கிய ஒழுங்கை எதுவும் எங்கள் கண்ணில் பட்டதில்லை.

நம்மவரும் அங்கே குடியேறினர். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் ‘சுகஸ்தான்’ வார்ட் பிளேஸில் இருந்தது. தம்பி அருணாசலத்தின் ‘பொன்கிளார்’ ஹோர்ட்டன் பிளேஸில். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று அருணாசலம் 1906 முதல் வாதாடினார். 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது, அதே கறுவாத்தோட்டத்தில், டி சொய்சா குடும்பத்தவர் கட்டிய மாளிகை ஒன்றில். வீடுகள் கல்விக்கூடங்களாக மாறிய இந்தப் பகுதியே எங்களுக்கு அதிகம் பிடித்தது.

வைத்தியர்களான எங்களுக்கு இன்னொரு உரிமையும் உண்டு. 1864இல் பொது வைத்தியசாலையும் 1870இல் மருத்துவப் பள்ளியும் எழுந்தன. பின்னது நிலைபெற்ற காணி முதலியார் சாம்சன் ராஜபக்ஷவின் கொடை. 1879இல் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையால் பிரசவ விடுதி வந்தது. நம்மில் பலர் முதற்குழந்தையைக் கையில் ஏந்தியதும், சிலர் பிறர் குழந்தையை முதன்முதலில் ஏந்திப் பழகியதும் அங்கேதான். கின்சி வீதியில் நடந்த எத்தனை பேர் கின்சி ஒரு வைத்தியர் என்று அறிந்திருப்போம்?

மற்றவை தெரிந்தவையே. 1877இல் நூதனசாலை, 1928இல் நகர மண்டபம். குதிரைப் பந்தயத் திடல் 1942இல் போர் விமானத் தளமானது. இன்று அங்கே கடைகளும் உணவகங்களும்.

பழைய வீடுகள் வேகமாக மறைகின்றன. சில தூதரகங்கள், சில தனியார் வைத்தியசாலைகள். மற்றவை இடிந்து தொடர்மாடிகளாக எழுகின்றன. அந்த வீடுகளில் வாழ்ந்த, பாடம் சொல்லிக் கொடுக்கப் போய்வந்த மூத்த அக்காமார் நம்மிடையே இருக்கிறார்கள். வீட்டின் பெயர், இருந்த வீதி, சமையலறையில் வேலை செய்தவரின் பெயர், முற்றத்தில் நின்ற மரம் — நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுதித் தேதியிட்டுச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். படம் இருந்தால் பின்புறம் ஆண்டைக் குறியுங்கள்.